ஆப்பிரிக்காவைக் கால்நடையாய்க் கடந்த பம்பாய்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையைச் சுற்றி வரும் ஜனத்திரளைக் கண்டவர்களுக்கு, நடை என்பது நமது நாட்டாருக்கு எவ்வளவு சகஜமான காரியம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. சுமார் 14 கிலோமீட்டர் கொண்ட அப்பாதையைக் காலில் செருப்பின்றி, தோளில் குழந்தையும் தலையில் மூட்டையுமாக நடந்து முடித்துவிட்டு, பொழுது விடிந்ததும் அவரவர் கிராமத்திற்குத் திரும்பிவிடுகிறார்கள். இன்னார் நடந்தார் என்று எவரும் ஏட்டில் குறிப்பதில்லை. குறிக்கவேண்டுமென்று அவர்கள் எதிர்பார்ப்பதுமில்லை.

ஆயினும் சுமந்து நடப்பவனை நம் முன்னோர் அடியோடு மறந்துவிட்டனர் என்று சொல்வதற்கில்லை. தமிழ்நாட்டின் பழைய சாலை ஓரங்களில் இரண்டு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்திச் சுமைதாங்கி அமைத்தார்கள். தலைச்சுமையோடு தனியே வருகிறவன் பிறர் உதவியை வேண்டாமல் சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறி, மீண்டும் தானே ஏற்றிக்கொண்டு போகலாம். சுமப்பவனுக்கும் ஒரு மரியாதை உண்டு என்பதை அவர்கள் கல்லில் நிறுத்திக் காட்டினார்கள். சுமந்தும், சுமப்போரை நடத்தியும் ஒரு கண்டத்தையே கடந்த ஒருவரது சரித்திரத்தை அந்த மரியாதையோடு இங்கே கூற விரும்புகிறோம்.

டாங்கனீகா ஏரியைக் கண்டவர் பர்ட்டன், நைல் நதியின் மூலத்தைக் கண்டவர் ஸ்பீக், காணாமற்போன லிவிங்ஸ்டனைக் கண்டவர் ஸ்டான்லி, பூமத்திய ரேகையை அடுத்த ஆப்பிரிக்காவைக் கீழ்க்கடலிலிருந்து மேல்கடல்வரை கடந்த முதல் ஐரோப்பியர் காமரூன் என்று நாம் பள்ளிக்கூடத்தில் பாடம் படித்தோம். இந்நால்வரும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நோக்கங்களுடன் புறப்பட்டவர்கள். இவர்களில் ஒருவரையொருவர் வெறுத்தவர்களும் உண்டு. ஆனால் இவர்களுடைய யாத்திரைகள் எல்லாவற்றிலும் கூடவே நடந்தவர் ஒரே மனிதர். அவர் பெயர் ஸிதி முபாரக் பம்பாய். ஆப்பிரிக்காவில் பிறந்து, ஆப்பிரிக்காவிலேயே மடிந்த அவர், நமது நாட்டு நகரமொன்றின் பெயரைத் தம் பெயராகக் கொண்டு வாழ்ந்ததற்குக் காரணம் என்ன என்பதே அவரது சரித்திரத்தின் தொடக்கம்.

கடனால் வந்த அடிமைத்தனம்

இன்று டான்ஸானியாவும் மொஸாம்பிக்கும் சந்திக்கும் பிரதேசத்தில், நியாஸா ஏரிக்குக் கிழக்கே, யாவோ என்னும் வகுப்பார் வசித்துவந்தனர். அவர்களது கிராமமொன்றில் 1820-ஐ ஒட்டிய காலத்தில் அவர் பிறந்தார். சிசுவாக இருக்கும்பொழுதே தாய் இறந்துபோனாள். தாய் தந்தையர் இட்ட பெயர் யாது என்பது எந்த ஏட்டிலும் இல்லை.

பஞ்சம் வந்த ஆண்டுகளில் கடற்கரை வியாபாரிகள் அக்கிராமத்தாருக்குத் துணியும் மணியும் கடனாகக் கொடுத்திருந்தார்கள். சிறுவனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்பொழுது அவ்வியாபாரிகள் வாளும் துப்பாக்கியும் ஏந்திய ஆட்களோடு திடீரென்று வந்து கிராமத்தை வளைத்துக்கொண்டு, கடனை உடனே தீர்க்கவேண்டுமென்றார்கள். தீர்க்க எவரிடத்தும் வகையில்லை. வில்லையும் அம்பையும் வைத்துக்கொண்டு துப்பாக்கியை எதிர்ப்பது வீண் என்று கண்ட ஜனங்கள் சமயம் பார்த்து ஓடினார்கள். ஓடியவர்களில் பெரும்பாலோர் பிடிபட்டனர். சிறுவனும் பிடிபட்டான். தகப்பனார் என்ன ஆனார் என்பதை அவன் பிறகு ஒருநாளும் அறியவில்லை.

கயிற்றில் பிணிக்கப்பட்டவர்களைக் கில்வாத் துறைமுகத்திற்கு நடத்திச் சென்றார்கள். அங்கிருந்து ஸான்ஸிபார் தீவின் அடிமைச் சந்தைக்குக் கப்பலேற்றினார்கள். அச்சந்தையில் ஓர் அரபு வியாபாரி சில துணிகளைக் கொடுத்துவிட்டு அவனை வாங்கிக்கொண்டான். துணிக் கடனுக்காகப் பிடிக்கப்பட்டவன் துணிக்கே விற்கப்பட்டான்.

பஞ்சத்தில் வாங்கிய கடன் மனிதனை அடிமையாக்கும் கதை தமிழர்களுக்குப் புதிதன்று. பண்ணையாளாகத் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களும், கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியவர்களும் இதே கதவின் வழியாகத்தான் உள்ளே போனார்கள். கயிறு வேறு, கடன் ஒன்றே.

இந்துஸ்தானத்தில்

அவ்வரபு வியாபாரி சிறுவனை இந்தியாவுக்குக் கொண்டுவந்தான். குஜராத்தின் கரைக்கும் ஆப்பிரிக்காவின் கீழ்க்கரைக்கும் இடையே பருவக்காற்றை நம்பி மரக்கலங்கள் ஓடிய பழக்கம் மிகப் பழமையானது. அக்கலங்களில் வந்த ஆப்பிரிக்கரை நமது நாட்டில் ஸிதி என்று அழைத்தார்கள். அவர்களுடைய சந்ததியார் குஜராத்திலும் கன்னட நாட்டிலும் இன்றும் வசிக்கின்றனர். அடிமையாய் வந்து அகமத்நகர் ராஜ்யத்தின் மந்திரியாக உயர்ந்து, மொகலாயப் படைகளைத் தக்காணத்தில் பல்லாண்டு தடுத்து நிறுத்தி 1626-இல் மறைந்த மாலிக் அம்பரும் ஆப்பிரிக்கரே.

நம் சரித்திர நாயகருக்கு அத்தகைய உயர்வு வாய்க்கவில்லை. பல ஆண்டுகள் எஜமானனிடம் ஊழியம் செய்தார். ஆனால் இந்துஸ்தானி பாஷை அவர் நாவில் படிந்தது. முபாரக் என்ற இஸ்லாமியப் பெயரும், பம்பாய் என்ற நகரப் பெயரும் அவருக்கு நிலைத்தன. எஜமானன் இறந்தபின் விடுதலை பெற்று ஸான்ஸிபாருக்குத் திரும்பினார். பிழைப்பு வேண்டுமாகையால் அத்தீவை ஆண்ட ஸுல்தானின் சேனையில் சேர்ந்து, பங்கானி நதிக்கு அருகே ஒரு சிறு கோட்டையில் அரைவயிற்றுச் சோற்றுக்குக் காவலிருந்தார்.

1857-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரண்டு வெள்ளைக்காரர்கள் அக்கோட்டைக்கு வந்தார்கள். ரிச்சர்டு பர்ட்டன் பம்பாய்ச் சேனையிலும், ஜான் ஸ்பீக் வங்காளச் சேனையிலும் உத்தியோகம் பார்த்தவர்கள். ஸ்பீக்குக்கு அரபு பாஷையும் வராது, கடற்கரை மக்களின் ஸ்வாஹிலியும் வராது. சிப்பாய்களிடம் பழகிய இந்துஸ்தானி மட்டும் வரும். அந்தக் கோட்டையில் தம்மோடு பேசக்கூடியவராக அவர் கண்டது பம்பாயைத்தான். மத்திய ஆப்பிரிக்காவின் ஏரிகளை ஐரோப்பாவுக்கு அறிவித்த யாத்திரைகள் இந்துஸ்தானி பாஷையில் பேசி நடத்தப்பட்டவை என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

ஏரிகளைத் தேடி

1857 ஜூன் மாதம் அக்கூட்டம் ஸான்ஸிபாரிலிருந்து உள்நாட்டுக்குப் புறப்பட்டது. அக்காலத்தில் அந்த நாடுகளில் நாணயம் செல்லாது. அமெரிக்காவிலிருந்து வந்த வெளுக்காத துணியும், இந்தியாவிலிருந்து சென்ற நீலச் சாயத் துணியும், கண்ணாடி மணியும், பித்தளைக் கம்பியுமே பணம். உணவு வாங்கவும், வழியிலுள்ள தலைவர்களுக்கு வரி செலுத்தவும் அவையே வேண்டும். வண்டிப்பாதை கிடையாது. கழுதைகளும் மாடுகளும் விஷ ஈக்களுக்கு இரையாகும். ஆகவே ஒருவருக்கு 60, 70 ராத்தல் என்று பிரித்து மனிதரின் தலையிலும் தோளிலும் ஏற்றியே யாவற்றையும் கொண்டுபோனார்கள். பெரும்பாலும் நியாம்வேஸி வகுப்பாரே அச்சுமையைத் தூக்கினர்.

இந்தச் சரக்குக்கும் முன்பணத்துக்கும் ஆதாரமாயிருந்தவர்கள் நமது நாட்டு வியாபாரிகள். ஸான்ஸிபாரின் சுங்கத்தை ஜெய்ராம் சிவ்ஜி என்ற கட்ச் தேசத்து வர்த்தகரின் நிலையம் குத்தகைக்கு எடுத்திருந்தது. அதன் சார்பில் லதா தாம்ஜி என்பவர் சுங்க நிர்வாகம் செய்தார். கரையிலிருந்து பல மாத தூரத்திலுள்ள காஸே என்ற ஊரில், இன்றைய தாபோராவில், ஸூரத்திலிருந்து சென்ற மூஸா மஸூரி என்ற கோஜா வியாபாரி, ஐரோப்பியர் கால் வைப்பதற்கு வெகுமுன்பே குடியேறியிருந்தார். பிற்காலத்தில் ஸ்பீக் எந்தெந்த ராஜ்யங்களைக் கண்டதாக உலகம் கொண்டாடிற்றோ, அவற்றிலொன்றான காரக்வேக்கு மூஸா முன்னமே போய் யானைத் தந்தம் வாங்கி வந்தவர்.

காட்டு ஜுரம் யாத்திரிகர்களை வாட்டிற்று. பர்ட்டனின் கால்கள் முடங்கின. அவரைத் தூளியில் வைத்துத் தூக்கினார்கள். ஸ்பீக்கின் கண்களில் நோய் கண்டு பார்வை மங்கிற்று. இந்நிலையில் 1858 பிப்ரவரி 13-ஆம் தேதி ஒரு குன்றின்மேல் ஏறி நின்றபொழுது கீழே ஒளிக்கீற்றுப் போல ஏதோ தெரிந்தது. அது யாதென்று பர்ட்டன் வினவ, அதுதான் நீர் என்று பம்பாய் தெரிவித்தார். எந்த ஏரியைக் காணவேண்டுமென்று எட்டு மாதம் பாடுபட்டார்களோ, அந்த டாங்கனீகாவை ஒருவர் நோயாளியாயும் மற்றவர் பாதிக் குருடராயும் அடைந்தார்கள். அதன் கரையிலுள்ள உஜிஜியோ மீனும் உப்பும் தந்தமும் அடிமைகளும் விலையாகும் பழைய சந்தை ஊர்.

அவ்வேரியைக் கடக்க ஸ்பீக் ஒற்றை மரத்தைக் குடைந்த தோணியில் சென்றபொழுது பம்பாயும், கோவாவிலிருந்து வந்த சமையற்காரரும் உடன் சென்றனர். ஓரிரவு ஸ்பீக்கின் காதில் வண்டொன்று புகுந்துவிட, வேதனை தாளாமல் பேனாக்கத்தியால் குத்தினார். வண்டு செத்தது. காது சீழ்ப்பிடித்துப் பல மாதம் கேளாமற்போயிற்று. துரைமார் எழுதிய புத்தகங்களில் இத்தகைய துன்பங்கள் விரிவாக இருக்கின்றன. சுமை தூக்கினவர்களின் காய்ச்சலும் கால் புண்ணும் அவற்றில் வரிக் கணக்கில்தான் வரும்.

அதே ஆண்டு ஜூலையில் பர்ட்டன் காஸேயில் தங்கிவிட, ஸ்பீக் பம்பாயை அழைத்துக்கொண்டு வடக்கே நடந்தார். 25 நாளில், ஆகஸ்டு 3-ஆம் தேதி, கண்ணுக்கெட்டிய தூரமும் நீராய்க் கிடந்த மற்றோர் ஏரியைக் கண்டார்கள். அதற்குத் தம் ராணியின் பெயரை இட்டு விக்டோரியா என்று ஸ்பீக் எழுதிக்கொண்டார். அதன் வடகரை ஜனங்கள் வழங்கிய நாலுபாலே என்ற பெயரும், மற்றக் கரையார் வழங்கிய பெயர்களும் ஐரோப்பியப் படத்தில் ஏறவில்லை.

நைல் நதியின் வாயிலில்

அவ்வேரியே நைலின் மூலம் என்று ஸ்பீக் கூற, பர்ட்டன் மறுக்க, நண்பர் இருவரும் ஜன்மப் பகைவராயினர். தம் கூற்றை ருஜுப்பிக்க ஸ்பீக் 1860-இல் கிராண்டு என்ற மற்றொரு வங்காளச் சேனை உத்தியோகஸ்தரோடு திரும்பி வந்தார். அவர் முதலில் தேடியது பம்பாயைத்தான். அக்டோபரில் சுமார் இருநூறு பேருடன் கரையிலிருந்து புறப்பட்டார்கள். அவர்கள் உள்நாட்டில் நடந்துகொண்டிருக்கையில், 1860 நவம்பர் 16-ஆம் தேதி, சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற ட்ரூரோ என்ற கப்பல் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. அதன்பின் ஆண்டுதோறும் ஆர்க்காட்டு ஜில்லாக்களிலிருந்து எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அக்கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றன. ஒரே கண்டத்தில், ஒரே காலத்தில், இரு வகையான சுமை ஏறிற்று.

காரக்வே ராஜ்யத்தைக் கடந்து 1862 பிப்ரவரியில் ஸ்பீக் புகாண்டாவின் அரசன் முடேஸாவின் தலைநகரை அடைந்தார். அகன்ற சாலைகளும், நாணலால் வேய்ந்த உயர்ந்த மாளிகைகளும், பதவி வரிசைப்படி நின்ற பிரபுக்களும், கண்டிப்பான சபை மரியாதைகளும் அங்கே இருந்தன. அரசனிடம் நேரே பேசுதல் முறையன்று. ஸ்பீக் இந்துஸ்தானியில் சொல்வதைப் பம்பாய் ஸ்வாஹிலியாக்குவார். மற்றொருவர் அதை அந்நாட்டுப் பாஷையில் அரசனுக்குச் சொல்லுவார். அரசன் வாக்கும் அதே படிகளில் இறங்கி வரும். ஒரு சொல் பிசகினால் தலை போகக்கூடிய அச்சபையில் ஏறக்குறைய ஐந்து மாதம் கூட்டத்தைக் காத்தது அந்தத் துபாஷித்தனமே.

ஆயினும் அந்நாட்களில்தான் பம்பாய்க்கு ஒரு பெருத்த அவமானமும் நேர்ந்தது. ஒரு தகராறில் கோபங்கொண்ட ஸ்பீக் பல பேர் பார்க்க அவர் முகத்தில் குத்தினார். முன்பல் போயிற்று. கூட்டத்தின் தலைவனைப் பிறர் கையால் அடிக்க விடலாகாது என்பதால் தாமே அடித்ததாக ஸ்பீக் சமாதானம் எழுதி வைத்தார். அடிபட்டவர் விலகிச் சென்றுவிடவில்லை. சென்றிருந்தால் அந்த யாத்திரையும் அங்கேயே நின்றிருக்கும்.

ஜூலை மாதம் நதிக்கரையை அடைந்தார்கள். இப்புண்ணிய நதியில் யாவரும் தலையை முண்டனம் செய்துகொண்டு நீராடவேண்டும் என்று ஸ்பீக் உற்சாகத்தோடு சொன்னபொழுது, தாங்கள் அவ்வித மனோராஜ்யங்களில் ஈடுபடுகிறவர்களல்ல, அன்றாட வாழ்வின் சாதாரண விஷயங்களே தங்களுக்குப் போதும் என்று பம்பாய் அமைதியாக விடையளித்தார். இதைப் படிக்கையில் நமக்கு ஒன்று தோன்றுகிறது. வீடு திரும்பவேண்டும், கூலி கைக்கு வரவேண்டும், கூட வந்தவர்கள் பிழைக்கவேண்டும் என்னும் கவலைகளே நடக்கிறவனின் கவலைகள். நதியின் மூலம் யார் பெயரில் எழுதப்படும் என்பது அவன் கவலையன்று.

1862 ஜூலை 28-ஆம் தேதி ஏரியிலிருந்து நைல் வெளியேறும் அருவியை ஸ்பீக் கண்டார். அதற்கு ஓர் ஆங்கிலப் பிரபுவின் பெயரால் ரிப்பன் அருவி என்று பெயரிட்டார். வடக்கே வெள்ளையர் முகாம் உண்டா என்று அறிந்துவர முன்னே போனவர் பம்பாய். அறியாத நாட்டினூடே சென்று, செய்தியோடு திரும்பிவந்தார். 1863 பிப்ரவரியில் கொண்டகோரோவை அடைந்து, நதி வழியே கெய்ரோ நகரம் சேர்ந்தபொழுது, புறப்பட்ட இருநூறு பேரில் பம்பாயையும் சேர்த்து 18 பேரே மிஞ்சியிருந்தார்கள். செத்தவர் சிலர், ஓடிப்போனவர் பலர். மிஞ்சியவர்கள் கடல் மார்க்கமாக ஸான்ஸிபாருக்கு அனுப்பப்பட்டார்கள். ஸ்பீக் தாய்நாடு சென்று, பர்ட்டனோடு வாதம் செய்யவிருந்த தினத்துக்கு முதல் நாள், 1864 செப்டம்பர் 15-இல், தம் துப்பாக்கியே வெடித்து இறந்தார்.

லிவிங்ஸ்டனும் ஸ்டான்லியும்

1871-இல் நியூயார்க் ஹெரால்டு பத்திரிகையின் நிருபரான ஸ்டான்லி, லிவிங்ஸ்டனைத் தேட ஸான்ஸிபாருக்கு வந்தார். அவரும் முதலில் விசாரித்தது பம்பாயைத்தான். காவல் வீரர்களுக்குத் தலைவராகப் பம்பாய் நியமிக்கப்பட்டார். ஸ்டான்லி அவசரக்காரர், கை நீளமானவர். சுமை தூக்கிகள் மீது சாட்டை விழுந்தது. வயதில் மூத்த பம்பாயும் அடிக்குத் தப்பவில்லை. பம்பாயிடத்தும் குறைகள் உண்டு. வழியூர்களில் கிடைத்த மதுவை அவர் சில சமயம் அளவுக்குமீறிக் குடித்தார், சாமான்களைத் தொலைத்தார், தம் ஆட்களின் பக்கம் நின்று துரையிடம் வாதாடினார். கடைசியாகச் சொன்னதைக் குற்றமென்று ஸ்டான்லி எண்ணினார். நாம் அவ்வாறு எண்ணவேண்டியதில்லை.

அவ்வாண்டு நவம்பரில் உஜிஜியை அடைந்தபொழுது, ஸ்டான்லிக்கு முதலில் ஆங்கிலத்தில் வந்தனம் கூறி எதிர்கொண்டவர் லிவிங்ஸ்டனின் ஊழியரான ஸூஸி என்ற ஆப்பிரிக்கர். அவரும் அவர் தோழர் சூமாவும் 1864-இல் லிவிங்ஸ்டனோடு கடல் கடந்து பம்பாய்க்கு வந்து அங்கே இருந்தவர்கள். ஸூஸி அந்நகரத்துத் துறைமுகத்தில் வேலை செய்தார். சூமா அங்குள்ள பாதிரிமார் பள்ளியில் படித்தார்.

கடல் முதல் கடல்வரை

1873 மார்ச்சில் காமரூன் என்ற கடற்படை உத்தியோகஸ்தர் லிவிங்ஸ்டனுக்கு உதவி கொண்டு புறப்பட்டார். நான்காம் முறையாக அதே பாதையில் பம்பாய் மேற்கு நோக்கி நடந்தார். அந்த ஜூன் மாதத்தில், சிறுவயதில் தாம் விற்கப்பட்ட ஸான்ஸிபார் அடிமைச் சந்தை உடன்படிக்கையினால் மூடப்பட்டது. அச்சமயம் அவர் உள்நாட்டில் நடந்துகொண்டிருந்தார்.

அக்டோபரில் தாபோராவில் அவர்கள் தங்கியிருக்கையில் சூமா வந்து சேர்ந்தார். லிவிங்ஸ்டன் மே மாதத்திலேயே சிதம்போ என்ற தலைவரின் கிராமத்தில் இறந்துவிட்டார் என்றும், இருதயத்தை அங்கேயே மரத்தடியில் புதைத்து, உடலை வெயிலில் உலர்த்திப் பட்டையில் சுற்றித் தாங்கள் சுமந்து வருவதாகவும் அறிவித்தார். உடலை அங்கேயே அடக்கம் செய்துவிடலாம் என்று காமரூன் யோசனை கூறினார். சுமந்தவர்கள் சம்மதிக்கவில்லை. பிணம் போவதைப் பொறாத கிராமங்களை ஏமாற்ற அதைத் துணிமூட்டை போலக் கட்டிக்கொண்டு, ஆயிரம் மைலுக்கு மேல் சுமந்து 1874 பிப்ரவரியில் கடற்கரையில் சேர்த்தார்கள். கூலிக்கு மட்டும் ஒருவன் இதைச் செய்வான் என்று எவரும் சொல்லத் துணியார்.

காமரூனின் வெள்ளைத் தோழர்களில் ஒருவர் ஜுரத்தால் இறந்தார். மற்றொருவர் ஜுர வெறியில் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். வேறொருவர் திரும்பிவிட்டார். காமரூனும் பம்பாயும் டாங்கனீகாவைக் கடந்து மேற்கே நடந்தார்கள். லுவாலபா நதிமேல் செல்லத் தோணி கிடைக்கவில்லை. ஆகவே தென்மேற்கே திரும்பி, ஓர் அடிமை வியாபாரியின் சாத்தோடு சேர்ந்து போகவேண்டியதாயிற்று. அச்சாத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் கயிற்றில் வரிசையாகக் கட்டப்பட்டு, சுமையோடும் குழந்தையோடும் நடத்தப்பட்டதைக் காமரூன் மனம் நொந்து எழுதியிருக்கிறார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதே வகைக் கயிற்றில் கில்வாவுக்கு நடந்த சிறுவன், இப்பொழுது நரைத்த தலையோடு, கையில் துப்பாக்கியோடு, அக்கயிற்றின் பக்கத்திலேயே நடந்தான். அப்பொழுது அவன் உள்ளம் என்ன பாடுபட்டது என்பதை எவரும் கேட்கவில்லை. ஆகவே எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

1875 நவம்பரில் அவர்கள் அட்லாண்டிக் மகாசமுத்திரத்தின் கரையை அடைந்தார்கள். இந்துமகா சமுத்திரக் கரையிலிருந்து புறப்பட்டு இரண்டரை ஆண்டுக்கு மேலாகியிருந்தது. தம் வாழ்நாளில் பம்பாய் அக்கண்டத்தில் சென்ற தூரம் சுமார் 6,000 மைல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி கால்நடையே.

பதக்கமும் படிப்பினையும்

லண்டனிலிருந்த ராயல் பூகோள சங்கத்தார் அவருக்கு வெள்ளிப் பதக்கமொன்று அளித்து, 1876-இல் உபகாரச் சம்பளமும் ஏற்படுத்தினார்கள். அதைப் பெற்றுக்கொண்டு ஓய்ந்திருந்து 1885-இல் அவர் காலமானார். ஸ்பீக்கிடத்தும் நாம் நியாயமாக நடந்துகொள்ளவேண்டும். பம்பாயின் இளம்பிராயக் கதையை ஒருநாள் உட்காரவைத்துக் கேட்டு எழுதி அச்சிட்டவர் அவரே. பல்லை உடைத்த கையே அந்தச் சரித்திரத்தையும் காப்பாற்றிற்று.

அவர் இறந்த 1885-ஆம் ஆண்டிலேயே மற்றொரு காரியம் முடிந்தது. பெர்லின் நகரத்தில் முந்திய நவம்பர் முதல் கூடியிருந்த 14 வல்லரசுகளின் மகாநாடு பிப்ரவரியில் கலைந்தது. ஆப்பிரிக்கர் ஒருவரும் அமராத அச்சபைக்குப் பின்னர் அக்கண்டம் துண்டு துண்டாகப் பங்கிடப்பட்டது. பம்பாய் பலமுறை நடந்த கடற்கரைப் பாதை ஜெர்மானியர் கைக்குப் போயிற்று. அவர் துபாஷியாய் நின்ற முடேஸாவின் ராஜ்யம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர் காட்டிய வழியிலேயே படை வந்தது, வரி வந்தது, கொடி வந்தது.

இதற்கு அவரைக் குற்றம் சொல்லலாமா? சொல்லலாகாது என்பதே நமது அபிப்பிராயம். பன்னிரண்டு வயதில் எல்லாவற்றையும் இழந்தவர், தம் காலையும் நாவையும் கொண்டு கௌரவமாகப் பிழைக்கக் கண்ட வழி அது ஒன்றே. அவரைக் குற்றம் சொல்லப் புகுந்தால், கம்பெனியாருக்குத் தேசம் தேசமாக வென்று கொடுத்த நமது சிப்பாய்களை என்ன சொல்வது? அந்த யாத்திரைகளுக்குத் துணியும் கடனும் கொடுத்த நம் வியாபாரிகளை என்ன சொல்வது? ஆனால் அவரது சரித்திரத்திலிருந்து பொதுவாழ்வில் ஈடுபட்டவர்கள் கற்கவேண்டியது ஒன்றுண்டு. சுமப்பவனுடைய உறுதியும் உண்மையும் எவ்வளவு பெரியவையாயினும், சுமை யாருடையது, அது எங்கே இறக்கப்படும் என்பதை அவன் அறியாவிட்டால், அவன் உழைப்பே அவன் இனத்தாருக்கு விலங்காக முடியலாம். ஊழியம் செய்கிறவனுக்கு அக்கேள்வியைக் கேட்கும் உரிமையைக் கொடுப்பதே சுதந்திரம்.

மற்றொன்றும் உண்டு. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்க நடந்தவர்கள் ஏறக்குறைய நூறு பேர். ராஜாஜியின் பெயரைச் சொல்லிவிட்டு, அடுத்த பத்துப் பேரைச் சொல்லச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் சொல்லுவோம்? வெள்ளையர் தம் புத்தகங்களில் பம்பாயை மறைத்தார்கள் என்று குறைகூறும் நாம், நமது சரித்திரத்தில் அதே வேலையைச் செய்யாதிருக்கவேண்டும்.

ரிப்பன் அருவி இன்று இல்லை. 1954-இல் கட்டிமுடிந்த அணையின் நீரில் அது மூழ்கிவிட்டது. அதைக் கண்டு நூறு ஆண்டு நிறைந்த 1962-இல், அக்டோபர் 9-ஆம் தேதி, உகாண்டா விடுதலை பெற்றது. அதற்கு முந்திய ஆண்டில் டாங்கனீகாவும், அடுத்த ஆண்டில் ஸான்ஸிபாரும் விடுதலை பெற்றன. பம்பாய் பிடிபட்ட மண்ணும், விற்கப்பட்ட தீவும், நடந்த பாதையும் தம் மக்களுக்கே திரும்பின. அவருடைய இயற்பெயர் மட்டும் திரும்பவில்லை. நமது நாடு அவருக்கு ஊழியத்தோடு சேர்த்துக் கொடுத்த பெயரையாவது நாம் மறவாதிருப்போமாக. அண்ணாமலைப் பாதையில் மூட்டையோடு ஒருவர் நம்மைக் கடந்து போகும்பொழுது, அவருக்கும் ஒரு பெயருண்டு என்ற நினைவு நமக்கு எழுமாயின், அதுவே பம்பாய்க்கு நாம் நாட்டும் சுமைதாங்கி.